சேர்க்கை

"என் பிள்ளை கெட்டவன் இல்லையடா தம்பி; சேர்க்கைதான் கெட்டது" என்றாள் என் தமக்கை.

இப்படிச் சொல்லாத தாய் உலகத்தில் இருக்கிறாளா என்பது சந்தேகம். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தையாக இருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவள் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம்.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகன் ஓர் இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மாலையில் நாலு சிநேகிதர்கள் கூடுவார்கள், சீட்டாட்டம். முதலில் சம்பளம் போயிற்று, பிறகு கைமாற்று, பிறகு ஒரு நாள் வசூல் பணத்தில் கை வைத்தான். கண்டுபிடித்தார்கள். அத்தான் இருந்த ஒரு துண்டு நஞ்சையை விற்றுப் பணத்தைக் கட்டினார். அவர்களும் போலீசுக்குப் போகாமல் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறான். தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இப்போது காகித வியாபாரம் செய்யும் என் நண்பர் ஒருவருக்குக் கணக்கு எழுத ஆள் தேவைப்படுகிறது. "நீ ஒரு வரி எழுதினால் போதும்" என்கிறாள் தமக்கை.

திண்ணையிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "எழுதிக் கொடுத்து உன் பெயரையும் கெடுத்துக்கொள்ளாதே. அது பிறவிக் குணம். சேர்க்கையாம், சேர்க்கை! நாலு பேர் சேர்ந்துதானே ஆடினார்கள்? மற்ற மூன்று பேரும் திருடினார்களா?"

தாயின் வாதமும் தகப்பனின் வாதமும் வாசல்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றன. நான் இரண்டு வாரம் தவணை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். நாவலில் ஒரு பாத்திரத்தைத் திருட வைப்பதற்கு எனக்கு அரை மணி நேரம் போதும். ஏன் திருடினான் என்பதற்குக் காரணமும் அழகாகக் கற்பித்துவிடுவேன். சொந்த மருமகனைப் பற்றி நாலு வரி எழுத இரண்டு வாரம் போதவில்லை.

அந்த நாட்களில்தான் என் சிநேகிதரின் மகள் வந்திருந்தாள். புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். எனக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை வியாதி. காப்பியில் சர்க்கரை போடாமல் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, உங்களைக் காப்பியில் சர்க்கரை போடவிடாமல் செய்கிற விவகாரத்தில் ஒரு முக்கியமான ஆசாமியைக் காட்டட்டுமா?" என்று கேட்டுத் தன் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து வைத்தாள்.

ஒரு படத்தில், வாயை அகலத் திறந்துகொண்டு படுத்திருக்கும் முதலை போன்ற ஓர் உருவம். மற்றதில், வாயை மூடி எதையோ கவ்விக்கொண்டிருக்கும் வேறோர் உருவம். இரண்டும் வெவ்வேறு ஜந்துக்கள் என்றே நினைத்தேன். "இரண்டும் ஒன்றேதான், இரண்டாவதில் சர்க்கரை வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

அந்த ஆசாமியின் பெயர் குளுக்கோகைனேஸ். மனித உடம்பில், முக்கியமாகக் கல்லீரலிலும் கணையத்திலும் இருக்கிற ஒரு நொதி. என்ஸைம் என்று சொன்னாலும் அதுதான். 465 அமினோ அமிலங்கள் மாலைபோல் கோக்கப்பட்டு, மடிந்து சுருண்டு, பெரியதும் சிறியதுமாக இரண்டு பாகங்களாக நிற்கின்றன. நடுவே ஒரு பள்ளம். ரத்தத்திலிருந்து உயிரணுவுக்குள் வரும் குளுக்கோஸ் அந்தப் பள்ளத்தில் வந்து தங்கும். ஏ.டி.பி. என்ற பொருளிடமிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி அந்தச் சர்க்கரையின் முதுகில் கட்டுவதுதான் இதன் தொழில். பாஸ்பேட்டு ஏறிய சர்க்கரை அந்த வடிவத்தில் அணுவைவிட்டு வெளியே போக முடியாது. கணையத்தில் இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை வைத்துத்தான் இன்சுலினை எவ்வளவு விடுவது என்று உடம்பு தீர்மானிக்கிறது. சர்க்கரையை நிறுக்கும் தராசு என்று வைத்துக்கொள்ளலாம்.

2004-ஆம் ஆண்டு, ஜப்பானில் ட்ஸுகுபா நகரத்து மருந்து ஆராய்ச்சியாளர்கள் இதன் இரண்டு நிலைகளையும் படிகமாக்கி எக்ஸ் கதிரால் படம் பிடித்தார்கள். சர்க்கரை இல்லாதபோது சிறிய பாகம் விலகி மிக அகலமாகத் திறந்து கிடந்தது. சர்க்கரையும், கூடவே அவர்கள் தயாரித்த ஒரு மருந்தும் சேர்ந்தபோது அந்தச் சிறிய பாகம் 99 பாகை திரும்பி வந்து மூடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பது பாகை! தெற்கு நோக்கி உட்கார்ந்திருந்தவன் மேற்கு நோக்கித் திரும்பி, இன்னும் கொஞ்சமும் திரும்புகிற அளவு. மருந்து இல்லாமல் சர்க்கரை மட்டும் வந்தாலும் அந்த மூடிய உருவம்தான் என்று 2011-இல் வேறு சிலர் காட்டினார்கள். ஆகவே திருப்பியது சர்க்கரைதான். வெல்லத்தின் தித்திப்புக்கு வசப்பட்டு மனிதன் திரும்புவது தெரியும். புரதமும் அப்படித் திரும்பும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

1894-இல் பெர்லினில் எமில் பிஷர் என்ற ரசாயன மேதை, நொதியும் அதன் இரைப் பொருளும் பூட்டும் சாவியும் போல என்று சொன்னார். இந்தச் சாவி இந்தப் பூட்டுக்குத்தான், வேறொன்று நுழையாது. எவ்வளவு தெளிவான உவமை! பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் அறுபது வருஷத்துக்கு மேல் அதை வைத்து நிம்மதியாகப் பாடம் நடத்தினார்கள். பூட்டு என்றால் பூட்டு. யார் வந்தாலும் போனாலும் அதன் உருவம் மாறாது. அத்தான் சொல்லும் பிறவிக் குணமும் இதுதான்.

1958-இல் அமெரிக்காவில் டேனியல் கோஷ்லண்ட் என்பவர் இந்த நிம்மதியைக் கெடுத்தார். அவர் கையில் படமும் இல்லை, படிகமும் இல்லை. அந்த வருஷம் உலகத்தில் எந்த நொதியின் உருவத்தையும் எவரும் பார்த்திருக்கவில்லை. லைசோஸைம் என்ற முதல் நொதியின் உருவத்தை லண்டனில் டேவிட் பிலிப்ஸ் கூட்டத்தார் கண்டது 1965-இல்தான். கோஷ்லண்டிடம் இருந்தது ஒரு கேள்வி. குளுக்கோஸில் பாஸ்பேட்டு போய் ஒட்டிக்கொள்வது ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு நுனியில். அதே மாதிரி நுனி தண்ணீருக்கும் உண்டு. தண்ணீர் சர்க்கரையைவிட மிகச் சிறியது. எந்தப் பள்ளத்திலும் புகுந்துவிடும். நொதியைச் சுற்றிக் கடல்போல் தண்ணீர்தான் இருக்கிறது. அப்படியானால் ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டு முழுவதையும் தண்ணீர் அல்லவா கொண்டுபோயிருக்க வேண்டும்? ஏன் போகவில்லை? பெரிய சாவி புகுந்து திறக்கிற பூட்டைச் சின்னக் கம்பி திறக்காமல் இருக்கலாம். ஆனால் இங்கே கம்பிக்கு வேண்டிய பல்லும் இருக்கிறதே!

அவர் கண்ட விடை இதுதான். பூட்டு முன்கூட்டியே பூட்டாக இருப்பதில்லை. சரியான விருந்தாளி வந்து உட்கார்ந்தால்தான் நொதி வேலை செய்யும் உருவத்தை அடைகிறது. தண்ணீர் வரும், போகும். அதற்காக நொதி அசைந்து கொடுப்பதில்லை. சர்க்கரை வந்தால் அசைகிறது. பூட்டும் சாவியும் என்ற உவமையை எடுத்துவிட்டுக் கையும் கையுறையும் என்ற உவமையை அவர் வைத்தார். கழற்றிப் போட்ட கையுறை துவண்டு கிடக்கும். கை புகுந்தால்தான் அதற்கு விரல் வரும். பெரியவர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். பெரியவர்கள் சந்தேகப்படுவதற்காகத்தானே இருக்கிறார்கள்! இருபது வருஷம் கழித்து, 1978-இல், தாமஸ் ஸ்டைட்ஸ் என்பவரும் கூட்டாளியும் இந்த நொதியின் ஒன்றுவிட்ட சகோதரனான ஈஸ்டின் ஹெக்ஸோகைனேஸைக் குளுக்கோஸோடு படிகமாக்கிப் பார்த்தார்கள். ஒரு பாகம் 12 பாகை திரும்பிப் பள்ளத்தை மூடியிருந்தது. கோஷ்லண்ட் மனத்தினால் பார்த்ததை எக்ஸ் கதிர் கண்ணுக்குக் காட்டியது. (இந்த ஸ்டைட்ஸ்தான் பின்னால் ரைபோசோம் ஆராய்ச்சிக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனோடும் அடா யோனத் அம்மையாரோடும் 2009-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.)

இதுவரை கேட்டபோது தமக்கையின் கட்சி வென்றுவிட்டதென்றே நினைத்தேன். உருவம் என்பது வருகிறவர் தருவது. சேர்க்கைதான் எல்லாம். வள்ளுவரும் சிற்றினம் சேராமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் அல்லவா? கடிதத்தை எழுதிவிடலாம் என்று பேனாவைத் தேடினேன்.

"அவசரப்படாதீர்கள்" என்றாள் அந்தப் பெண். என் மருமகன் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. கதை முடியவில்லை என்பதற்காகச் சொன்னாள்.

1965-இல் பாரிஸில் மோனோ முதலானவர்கள் வேறொரு கட்சி கட்டினார்கள். விருந்தாளி வந்து புதிய உருவத்தை உண்டாக்குவதில்லை; புரதம் தனியாக இருக்கும்போதே இந்த உருவத்திலும் அந்த உருவத்திலும் மாறி மாறி இருக்கிறது; விருந்தாளி தனக்கு ஏற்றது வரும் சமயம் பார்த்துப் பிடித்துக்கொள்கிறான் என்றார்கள். எது சரி? குளுக்கோகைனேஸையே படிகமாக்காமல், கரைசலில் வைத்துக் காந்தத்தின் உதவியால் 2012 வாக்கில் ஆராய்ந்தவர்கள் கண்டது விசித்திரமானது. சர்க்கரை இல்லாதபோது அந்தச் சிறிய பாகம் ஓர் உருவத்தில் நிற்பதே இல்லை. பல உருவங்களில் அலைந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை வந்ததும் அந்த அலைச்சல் அடங்கி ஒன்றில் நிலைகொள்கிறது. அகலத் திறந்த முதலை வாய் என்று ஜப்பானியர் பிடித்த படம் அந்த அலைச்சலில் படிகத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு நிலை. எனக்குக் காட்டிய இரண்டு படங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. சர்க்கரை சேர்ந்த படம் 2.3 ஆங்ஸ்ட்ராம் வரை தெளிவு. தனித்துக் கிடந்த படம் 3.4 ஆங்ஸ்ட்ராம்தான். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு முதலாவது துலக்கமாகவும் இரண்டாவது புகைமூட்டமாகவும் தெரியும்.

அப்படியானால் மூடிக்கொள்ளும் திறமை நொதியினுடையது. சர்க்கரை அதை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அணுவுக்குள் எத்தனையோ ஆயிரம் புரதங்கள் இருக்கின்றன. அதே சர்க்கரை அவற்றையும் உரசிக்கொண்டுதான் போகிறது. பெரும்பாலானவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாலு பேர் ஆடினார்கள், மூன்று பேர் திருடவில்லை என்று அத்தான் சொன்னாரே, அதில் உண்மை இருக்கிறது. மருமகனுக்குள் அந்த உருவம் இருந்தது. ஆனால் அது ஒன்றுதான் இருந்தது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? தெருப்பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவன் காட்டுகிற பொறுமையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த உருவமும் அவனுக்குள் இருந்ததுதானே?

இதில் இன்னொன்றையும் கவனித்தேன். 'சேர்க்கை கெடுத்தது' என்று சொல்லும் தாய் மகனை விடுவிக்கிறாள். 'பிறவிக் குணம்' என்று சொல்லும் தகப்பன் தன்னை விடுவித்துக்கொள்கிறான். பிறவியிலேயே அப்படியென்றால் வளர்த்தவனிடம் கேள்வி கேட்பதற்கு என்ன இருக்கிறது? கண்டிப்பானவர் என்று நாம் மதிக்கும் பலருடைய கண்டிப்புக்குள் இந்தச் சலுகை ஒளிந்திருக்கிறது.

இப்போது என்னுடைய கணக்கையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயதானபோது, "உன் வீட்டில் தங்கிப் படிக்கட்டுமே" என்று தமக்கை கேட்டாள். நான் அப்போது ஒரு நீண்ட நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தம் கூடாது. இடம் போதாது என்று சொல்லிவிட்டேன். இடம் இருந்தது. அவன் நாலு பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்து படித்தான். சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தது அங்கேதான். நாவல் வெளிவந்தது. இன்றைக்கு அதை யாரும் படிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. வந்தவர்கள் ஒருவனை என்ன செய்தார்கள் என்று எல்லோரும் விசாரிக்கிறோம். வராதவர்கள் என்ன செய்தார்கள் என்று யார் விசாரிக்கிறார்கள்? சர்க்கரை வராத நொதி சும்மா இருப்பதில்லை. அலைந்துகொண்டிருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குக் காப்பி கசந்ததற்குச் சர்க்கரை இல்லாதது மட்டும் காரணமல்ல.

அவள் சொன்னதில் என்னை மிகவும் ஆட்டி வைத்தது இனி வருவது.

உடம்பிலுள்ள மற்ற ஹெக்ஸோகைனேஸ்கள், சர்க்கரை கொஞ்சம் இருந்தாலே முழு வேகத்தில் உழைப்பவை. நம் குளுக்கோகைனேஸ் அப்படியில்லை. ரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும்போதுதான் அது பாதி வேகத்தை எட்டுகிறது. குறைந்த சர்க்கரையில் சோம்பலாகவும், ஏற ஏற உற்சாகமாகவும் வேலை செய்கிறது. பல வாய்கள் உள்ள புரதங்களில் இந்த வழக்கம் உண்டு. ஒரு வாயில் ஒன்று புகுந்தால் மற்ற வாய்களுக்குச் சேதி போகும். ஆனால் இதற்கு இருப்பது ஒரே வாய். ஒரே சர்க்கரைக்குத்தான் இடம். தனக்குத்தானே எப்படிச் சேதி சொல்லிக்கொள்கிறது?

ஞாபகத்தினால்! வேலையை முடித்துச் சர்க்கரையை வெளியே அனுப்பிய பிறகு, அது உடனே பழைய அலைச்சலுக்குத் திரும்பிவிடுவதில்லை. வேலை நடக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் திரும்புவது மிக மெதுவாக நடக்கிறது. கொஞ்ச நேரம், போன விருந்தாளி கொடுத்த உருவத்திலேயே தயாராக நிற்கிறது. அதற்குள் அடுத்த சர்க்கரை வந்துவிட்டால், மறுபடி மடியும் சிரமமில்லாமல் அடுத்த வேலை தொடங்கிவிடும். வராவிட்டால் மெல்ல நெகிழ்ந்து பழைய நிலைக்குப் போய்விடும். சர்க்கரை மிகுந்திருக்கும்போது அடுத்தது சீக்கிரம் வரும். குறைந்திருக்கும்போது வர நேரமாகும். தராசின் ரகசியம் இவ்வளவுதான்.

நம் பெரியவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள்: வாசனை. பெருங்காயம் வைத்த டப்பாவில் பெருங்காயம் தீர்ந்த பிறகும் மணம் இருக்கும். பூர்வ வாசனை என்று பிறவிகளுக்கு நடுவே ஓடும் பெரிய விஷயமாக அதைப் பேசினார்கள். அவ்வளவு தூரம் போக எனக்குத் தகுதி இல்லை. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே ஓடும் சின்ன வாசனையைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு தடவை செய்தவன் இரண்டாம் தடவை செய்வது ஏன் எளிதாக இருக்கிறது? குணம் கெட்டுவிட்டதாலா? முதல் தடவையின் உருவம் இன்னும் நெகிழாமல் இருப்பதாலா? நல்லதற்கும் அதே நியாயம்தான். ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பொறுமை கலைவதற்குள் அடுத்த பிள்ளை சிலேட்டோடு வந்து நின்றால் போதும். நடுவே உள்ள நேரம் எவ்வளவு என்பதே கேள்வி. இரண்டு வருஷம் சீட்டுக்கட்டைத் தொடாமல் இருந்தவனைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் போதுமா? புரதத்துக்கு அளந்து சொல்கிறார்கள். மனிதனுக்கு அளவுகோல் இல்லை.

இந்த நுட்பம் பிசகினால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 465 மணிகளில் ஒன்று மாறிப் பிறப்பவர்கள் உண்டு. நொதி சரியாக மூடிக்கொள்ள முடியாமல் போகிற மாற்றங்களால் பிறவியிலிருந்தே ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். 1992-இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோருக்கு மருந்துகூடத் தேவையில்லை. மாறாக, சர்க்கரை சொற்பமாக இருக்கும்போதே மூடிய உருவத்துக்கு ஓடிவிடும் நொதியோடு பிறப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1998-இல் அப்படி ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். பிறவிக் குணம் என்பது அடியோடு பொய் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், இருக்கிறது. ஆனால் அது எப்படி இருக்கிறது, பாருங்கள்: எந்த விருந்தாளிக்கு எவ்வளவு சீக்கிரம் மசிவது என்பதாக இருக்கிறது.

ஜப்பானியர் படத்தில் இருந்த அந்த மருந்தும் வேடிக்கையானதுதான். அது சர்க்கரையின் இடத்தில் உட்காருவதில்லை. சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் தள்ளி வேறோர் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, நொதி திறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அகலத் திறந்து கிடக்கும்போது அந்த இடுக்கே கிடையாது; உருவம் மாறிய பிறகுதான் இடம் பிறக்கிறது. நல்ல சிநேகிதன் ஒருவன் வந்து கொஞ்சம் ஒழுங்கு உண்டான பிறகே இரண்டாவது சிநேகிதனுக்கு உட்கார இடம் கிடைக்கும் என்பது போல. இந்த வகை மருந்துகள் பலவற்றைச் செய்து பார்த்தார்கள். சில, சில மாதங்களிலேயே பலனிழந்தன. டோர்ஸாக்லியாடின் என்ற ஒன்றைச் சீனாவில் 2022-இல் அனுமதித்தார்கள். எனக்கு என் பழைய மாத்திரைதான்.

படிகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை.

புரதத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் கோடானுகோடி மூலக்கூறுகளைச் சிப்பாய்கள்போல் வரிசையில் நிறுத்திப் படிகமாக்க வேண்டும். வரும் படம் அத்தனை பேருடைய சராசரி. எந்தப் பகுதி ஆடிக்கொண்டே இருக்கிறதோ அது படத்தில் விழாது. விருந்தாளி இல்லாமல் வளர்த்த படிகத்தை எடுத்து, விருந்தாளி கரைந்திருக்கும் நீரில் ஊற வைப்பதும் உண்டு. படிகத்துக்குள் நிறையத் தண்ணீர்ச் சந்துகள் இருப்பதால் அது உள்ளே போய்விடும். நொதி சிறிது அசைந்தால் படிகம் தாங்கிக்கொள்ளும். அதிகம் திரும்ப வேண்டியிருந்தால்? பக்கத்தில் நிற்பவன் இடம் தரமாட்டான். அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனும் தரமாட்டான். வரிசை குலையாமல் ஒருவன் மட்டும் எப்படித் திரும்புவது? பல சமயம் படிகம் அப்படியே வெடித்துப் போகும். 1938-இல் பிராக் நகரத்தில் ஹௌரோவிட்ஸ் என்பவர் இதையே பூதக்கண்ணாடியில் பார்த்தார். அவர் பார்த்தது நொதி அல்ல, ரத்தத்தின் ஹீமோகுளோபின். பிராணவாயு இல்லாத ஊதா நிறத் தகடுகளான படிகங்களின் ஓரத்தில் காற்று புகுந்ததும் அவை கரைந்து மறைந்தன. அந்த இடத்தில் சிவந்த ஊசிகளாக வேறு படிகங்கள் முளைத்தன. மூச்சு விட்டதும் உருவம் வேறு. உருவம் வேறானதும் பழைய வரிசை நிற்க முடியவில்லை.

அதனால், பெரிய மாற்றத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய படிகத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. கரைத்துவிட்டு, விருந்தாளியோடு சேர்த்துப் புதிதாக வளர்க்கிறார்கள். என் மருமகன் இரண்டு வருஷமாக எந்த வரிசையில் நிற்கிறான் என்று எண்ணிப் பார்த்தேன். 'அவன்தானே, வசூல் பணத்தில் கை வைத்தவன்' என்று எட்டுத் தெருவும் சொல்கிற ஊர். தினம் இரண்டு வேளை தகப்பன் முகம். அங்கே அவன் திரும்பினால் ஒன்று ஊர் விரிசல் விட வேண்டும், அல்லது அவன் நொறுங்க வேண்டும்.

வாசகர்களில் சிலருக்குப் பொறுமை போயிருக்கும். 'புரதத்துக்கு மனமா இருக்கிறது? மூலக்கூறு திருடுமா, வெட்கப்படுமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உவமையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். உவமை எங்கே காலை வாரிவிடும் என்பதும் எனக்குக் கொஞ்சம் தெரியும். நொதிக்குத் தன் படத்தைப் பார்க்கத் தெரியாது. எந்த விருந்தாளி வருகிறான் என்று வாசலிலேயே பார்த்துக் கதவைச் சாத்த அதனால் முடியாது. மனிதனால் முடியும், எப்போதும் அல்ல, களைத்திருக்கும்போது அல்ல, ஆனால் முடியும். ஆகையால் எடுத்த பணம் அவன் எடுத்ததுதான். சேர்க்கை அதில் கை வைக்கவில்லை; கை அவனுடையது. தமக்கை அழுதாலும் இதை நான் மாற்றிச் சொல்வதற்கில்லை. ஆனால் 'செய்தான்' என்பதற்கும் 'இவன் இதுதான்' என்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தை அத்தான் ஒரே எட்டில் தாண்டிவிட்டார். ஒரு நாள், ஓர் அறையில், ஒரு விருந்தாளியோடு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அவர் மனிதனுக்கே பெயர் வைத்துவிட்டார்.

கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முதலில் 'மிகவும் நல்ல பையன்' என்று எழுதியிருந்தேன், அடித்தேன். அது எனக்குத் தெரியாது. நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன்: எவ்வளவு எடுத்தான், யார் கட்டினார்கள், இரண்டு வருஷமாக என்ன செய்கிறான். கடையில் இருக்கும் பெரிய கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், தனியே விடுவதானால் வேண்டாம் என்று எழுதினேன். மாலையில் அவன் தங்குவதற்கு என் வீட்டில் மாடி அறை இருக்கிறது என்றும் எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதத்தான் நேரமாயிற்று. எனக்குக் கையில் ஒரு நாவல் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன்னால் அவனை வரவழைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். தன்னைப் பற்றி இவ்வளவு பச்சையாக எழுதிய கடிதத்தை ஒருவன் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பது சுலபமல்ல. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு முறை படித்தான்.

"ஒன்று விட்டுப் போச்சு மாமா" என்றான்.

"என்ன?"

"கல்லாப்பெட்டிச் சாவி என்கிட்டே வேண்டாம்னு எழுதுங்க. இப்போதைக்கு."

எழுதினேன். 'இப்போதைக்கு' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் எழுதினேன். அவனே தபாலில் போட்டுவிட்டு வந்தான்.